எதிரே நிற்பது யார்? மாணவர் வேடத்துக்குத் தனிமொழி பழகுபவர்களுக்கு

பாண்டிச்சேரியிலும் கடலூரிலும் ஷார்ட் ஃபிலிம் எடுக்காத கல்லூரியே இப்போது இல்லை என்று சொல்லிவிடலாம். "காலேஜ் பையன் வேணும், ப்ளஸ் டூ படிக்கிற பொண்ணு வேணும், ஒரு நிமிஷம் பேசி வீடியோ அனுப்புங்க" என்று வாட்ஸாப் குழுக்களில் அடிக்கடி அறிவிப்பு வரும். அதைப் பார்த்தவுடன் பலருக்கும் வரும் சந்தேகம் ஒன்றுதான்: நானே காலேஜ்தானே படிக்கிறேன், நான் நானாகவே பேசினால் போதாதா?

போதாது. உங்களுக்குத் தெரியாமல் யாராவது படம் பிடித்தால் நீங்கள் அசல் மாணவராகத்தான் இருப்பீர்கள், அதில் சந்தேகமில்லை. கேமரா ஓடுகிறது என்று தெரிந்ததும் மாணவராக இருப்பதை விட்டுவிட்டு மாணவரைக் காட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். தலையைச் சொறிவது, நகத்தைக் கடிப்பது, பேக்கை ஒற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு சாய்ந்து நிற்பது, ஐடி கார்டு கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பது. வருகிற வீடியோக்களில் பாதிக்கு மேல் இந்தக் கயிறு சுற்றல்தான், தேர்வு செய்ய உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருக்கும்.

அவர்கள் கேட்கிற அந்த ஒரு நிமிடப் பேச்சுதான் தனிமொழி. தனிமொழி என்பது, நாடகத்திலோ படத்திலோ ஒரு பாத்திரம் மட்டும் நிறுத்தாமல் பேசுகிற பகுதி. பள்ளி ஆண்டு விழாவில் 'மோனோ ஆக்டிங்' என்று போட்டி வைப்பார்களே, அது வேறு. அதில் ஒருவரே அப்பாவாகவும் அம்மாவாகவும் வாத்தியாராகவும் குரல் மாற்றி ஆடிக் காட்டுவார். தனிமொழியில் நீங்கள் ஒரே ஆள்தான், எதிரே இருப்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டார், ஆனால் இருக்கிறார். ஆடிஷனில் மோனோ ஆக்டிங் செய்துவிட்டு ஏன் கூப்பிடவில்லை என்று குழம்புகிறவர்கள் உண்டு. ஆறு குரலில் பேச வருவது திறமைதான், ஆனால் அவர்கள் தேடுவது ஒரு ஆளை.

இது இன்றைக்கு நேற்று வந்த உத்தியும் இல்லை. பழைய சமஸ்கிருத நாடக மரபில் 'பாண' என்றொரு வகை உண்டு, முழு நாடகத்துக்கும் ஒரே நடிகர்தான். மேடையில் இல்லாத ஒருவரைப் பார்த்துக் கேள்வி கேட்பார், அவர் பதில் சொன்னதுபோலக் காதைக் கொடுப்பார், "என்ன சொல்கிறாய், அவள் ஊரிலேயே இல்லையா?" என்று அதைத் தானே திரும்பச் சொல்லி மேலே போவார். இல்லாத ஆளோடு பேசும் இந்த முறைக்கு ஆகாசபாஷிதம் என்று பெயர். பார்வையாளர் அந்த இல்லாத ஆளை நம்புவது நடிகர் பேசும்போது இல்லை, கேட்கும்போதுதான். தனிமொழி பழகுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இந்தக் 'கேட்பது' என்கிற இடத்தில்.

சரி, மாணவர் பாத்திரத்துக்கும் மற்ற பாத்திரங்களுக்கும் என்ன வித்தியாசம்? வயதுதான் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி 1904-இல் மாஸ்கோவில் முதன்முதலாக மேடையேற்றிய செகாவின் 'செர்ரித் தோட்டம்' நாடகத்தில் த்ரோஃபிமோவ் என்று ஒரு மாணவன் வருகிறான். வயது இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும், முடி கொட்ட ஆரம்பித்துவிட்டது, கண்ணாடி போட்டிருக்கிறான், இன்னும் படிப்பை முடித்தபாடில்லை, 'நிரந்தர மாணவன்' என்று அவனைக் கேலி செய்கிறார்கள். அவனும் மாணவன்தான். மாணவனை மாணவனாக்குவது அவன் வாழ்க்கையின் சாவி வேறு யார் கையிலோ இருப்பது. கையெழுத்து போட வேண்டியவர் ஒருவர், மார்க் போட வேண்டியவர் ஒருவர், ஃபீஸ் கட்ட வேண்டியவர் ஒருவர், ஹாஸ்டல் கேட்டைத் திறக்க வேண்டியவர் ஒருவர். இவர்களிடம் எல்லாம் அவன் எதையாவது கேட்டாக வேண்டும், கேட்கும்போது எதையாவது மறைத்தாக வேண்டும். அதனால் மாணவர் வேடம் என்று எது கையில் வந்தாலும், எதிரே இருப்பவரிடம் இந்த ஆள் எதைச் சொல்ல முடியாமல் நிற்கிறான் என்று முதலில் பாருங்கள். அது கிடைத்துவிட்டால் தலையைச் சொறிய வேண்டிய தேவையே வராது.

ஒரு உதாரணம் வைத்துப் பார்க்கலாம், இந்தக் கட்டுரைக்காகவே எழுதியது. இடம் கடலூர், ஒரு கலைக் கல்லூரியின் துறைத் தலைவர் அறை. பையன் பி.காம் இரண்டாம் ஆண்டு. அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. வருகைக் குறைவை மன்னிக்கக் கேட்கும் கண்டோனேஷன் ஃபாரத்தில் கையெழுத்து கிடைத்தால்தான் பரீட்சை எழுத முடியும்.

"சார்... இந்த ஃபாரம் சார். எல்லாம் ஃபில் பண்ணிட்டேன் சார், உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ஜுரம் சார். ஆமா சார், ரெண்டு மாசமும் ஜுரம்தான்... இல்ல சார், தொடர்ந்து இல்ல, விட்டு விட்டு வந்துச்சு. சர்டிஃபிகேட் நாளைக்கு எடுத்தாந்துடறேன் சார். ஃபர்ஸ்ட் ஹவர்தான் சார் போயிருக்கு, மத்த ஹவர் எல்லாம் உள்ளதான் உக்காந்திருந்தேன், காமர்ஸ் மேடத்த வேணா கேட்டுப் பாருங்க சார். ...வாடையா? என்ன வாடை சார்? ...குளிச்சிட்டுத்தான் சார் வரேன். ரெண்டு வாட்டி சோப்பு போட்டுக் குளிச்சிட்டுத்தான் வரேன். அது போவாது சார். ...அப்பாவுக்குக் கை முடியல சார். ஏலம் விடியக்காலைலயே ஆரம்பிச்சுடும், நான் போயி நிக்கலன்னா அவங்க சொல்றதுதான் ரேட்டு. முடிச்சிட்டு பஸ் புடிச்சி வர்றதுக்குள்ள ஃபர்ஸ்ட் ஹவர்... இல்ல சார், யாருகிட்டயும் சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க சார், பசங்களுக்குத் தெரியாது. ...சரி சார். ஜுரம்னே இருக்கட்டும் சார்."

பேசினால் ஒரு நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும், ஆடிஷனுக்கு அது போதும். முதல் தடவை வாசித்தவுடன் நிறைய பேருக்குக் கை போகும் இடம் "அப்பாவுக்குக் கை முடியல சார்". அங்கே குரலை உடைக்க வேண்டும், கண் கலங்க வேண்டும் என்று மனதுக்குள் குறித்து வைத்துக்கொள்வார்கள், பிறகு முதல் வரியிலிருந்தே அந்த அழுகையை நோக்கி நடந்து போவார்கள். அப்படி நடித்தால் அந்த இடம் வருவதற்கு அரை நிமிடம் முன்பே பார்ப்பவனுக்கு எல்லாம் தெரிந்துவிடும். இந்தப் பையன் உள்ளே வந்தது அழுவதற்கு இல்லை, கையெழுத்து வாங்க. மீன் துறைமுகத்தில் ஏலத்துக்குப் போய் நிற்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போய்விட வேண்டும் என்பதுதான் அவன் கணக்கு. அந்தக் கணக்கு உண்மையிலேயே பலிக்கும் என்று நம்பி "ஜுரம் சார்" என்று சொல்லுங்கள், கொஞ்சம் சாமர்த்தியம்கூட இருக்கலாம், பொய் சொல்லிப் பழகிய பிள்ளையின் ஒரு லேசான தைரியம்.

எல்லாம் மாறுவது 'வாடை' என்ற இடத்தில். அந்தச் சொல்லை முதலில் சொன்னது இவன் இல்லை, சார். ஆனால் சார் அங்கே இல்லை. அதனால் அவர் சொன்னது உங்கள் காதில் விழ வேண்டும், விழுந்த பிறகு அதற்கு அர்த்தம் புரிய ஒரு நொடி ஆக வேண்டும், அதற்குப் பிறகுதான் "வாடையா?" வர வேண்டும். இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. சாருடைய வசனங்களை நீங்களே எழுதுங்கள். "ரெண்டு மாசமுமாடா ஜுரம்?", "சர்டிஃபிகேட் எங்க?", "என்னடா இது, ரூம் பூரா மீன் வாடை?" என்று ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதி நண்பர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நாலைந்து தடவை அப்படி ஒத்திகை பார்த்த பிறகு நண்பரை அனுப்பிவிட்டுத் தனியாகச் செய்து பார்த்தால், இடைவெளிகள் அதனதன் நீளத்தில் தானாக வந்து உட்காரும். புள்ளி புள்ளியாக இருக்கிறதே, இங்கே இரண்டு நொடி நிறுத்தலாமா என்று கடிகாரம் பார்க்க வேண்டி வராது. நண்பர் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வாசிக்காமல் ஒருமுறை எரிச்சலாக, ஒருமுறை சிரித்துக்கொண்டே வாசித்தால் இன்னும் நல்லது, உங்கள் "என்ன வாடை சார்?" தினமும் வேறு வேறு மாதிரி வெளியே வருவதைப் பார்ப்பீர்கள்.

கடைசி வரிக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. "ஜுரம்னே இருக்கட்டும் சார்" என்பதைத் தியாகி மாதிரிச் சொல்லாதீர்கள். கையெழுத்து கிடைத்துவிட்டது, அவன் வந்த வேலை முடிந்தது, அவனுக்கு அது ஒருவகையில் நிம்மதிதான்.

இதற்கு அடுத்தது, வசனத்தில் எழுதாத தகவல்களைத் தோண்டி எடுப்பது. ஸ்தனிஸ்லாவ்ஸ்கி நடிகர்களிடம் கேட்டதும் இதைத்தான்: யார், எங்கே, எப்போது, இதற்கு முந்தின நிமிடம் என்ன நடந்தது, என்ன வேண்டும், ஏன் இப்போதே வேண்டும். 'கொடுக்கப்பட்ட சூழல்' என்று இதைச் சொல்வார்கள். மாணவர் பாத்திரத்துக்கு இந்தக் கேள்விகளை இன்னும் பொடியாக நறுக்கிக் கேட்க வேண்டும். எந்த போர்டு? கடலூரில் அரசுப் பள்ளிப் பிள்ளை தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கிறது, பக்கத்திலேயே பஸ்ஸில் போய்விடுகிற தூரத்தில் இருக்கும் பாண்டிச்சேரியில் 2023-24 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளின் மேல் வகுப்புகளும் சிபிஎஸ்இக்கு மாறத் தொடங்கின. அதே ஊரில் பிரெஞ்சுப் பள்ளியான லிசேயில் படித்து, பள்ளி முடிக்கும் 'பக்' பரீட்சை எழுதுகிற பிள்ளையும் உண்டு. மூன்று பேரும் 'பரீட்சை பயமா இருக்கு' என்று ஒரே வரியைச் சொன்னாலும் மூன்று பேருடைய பயமும் ஒன்றாக இருக்காது. ஒருவருக்கு அது கட்-ஆஃப் மார்க், ஒருவருக்குப் பாதியில் மாறிய பாடப்புத்தகம், ஒருவருக்கு பாரிஸுக்குப் போவதா வேண்டாமா என்பது. இதையெல்லாம் பார்ப்பவருக்குச் சொல்லத் தேவையில்லை, உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும், தெரியாமல் சொன்னால் அது எந்த ஊர்ப் பிள்ளையாகவும் இல்லாத பொத்தாம்பொதுவான பயமாகப் போய்விடும்.

பேச்சு மொழியும் இதிலேதான் சேரும். அதே பையன் துறைத் தலைவர் அறையில் வரிக்கு இரண்டு 'சார்' போட்டுப் பேசுகிறான், துறைமுகத்தில் ஏலக்காரரிடம் அப்படிப் பேசமாட்டான், பஸ்ஸில் நண்பனிடம் "இன்னாடா" என்றுதான் ஆரம்பிப்பான். ஒரே ஆளுக்கு மூன்று பேச்சு. எதிரே யார் என்று முடிவு செய்யாமல் வசனத்தை மனப்பாடம் செய்ய உட்காருகிறவர்கள் இந்த மூன்றையும் கலந்து, யாருமே எங்குமே பேசாத ஒரு சீரியல் தமிழில் பேசி வைப்பார்கள்.

குரல் பற்றி. தமிழ் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் சிறுவர்களை வைத்து நாடக சபை நடத்திய காலத்தில், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அரசனாகவும் அரசியாகவும் கிழவனாகவும் ராகம் போட்டுப் பாடி நடித்தார்கள். பாய்ஸ் கம்பெனி எனப்பட்ட இந்தச் சிறுவர் நாடகக் குழுக்களில் அந்தப் பிள்ளைகள் பயந்தது மகரக்கட்டுக்குத்தான், குரல் உடைந்தால் பெண் வேடமும் பாட்டும் கையை விட்டுப் போய்விடும். சுவாமிகள் 1922-இல் காலமானது பாண்டிச்சேரியில், கருவடிக்குப்பத்தில் அவர் நினைவிடம் இருக்கிறது, இங்கே நாடகம் பழகுகிறவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளியும் அவர் பெயரில்தான் தொடங்கியது, நாடக ஆசிரியர் இந்திரா பார்த்தசாரதி அதற்கு இயக்குநராக இருந்தார். இப்போது நிலைமை தலைகீழ், இருபத்தைந்து வயதுக்காரர் பத்தாம் வகுப்புப் பையனாக நிற்கிறார். அதற்காகக் குரலை உயர்த்திக் கீச்சென்று பேச வேண்டாம். பதினைந்து வயதுப் பையன் உண்மையில் என்ன செய்கிறான் என்று கவனித்துப் பாருங்கள், உடைந்த குரல் திடீரென்று மேலே ஏறிவிடக் கூடாதே என்று பயந்து தாழ்ந்த குரலிலேயே, வாயை முழுதாகத் திறக்காமல் பேசுவான், வரியின் கடைசிச் சொல்லை விழுங்குவான். பெரியவனாகத் தெரிய முயற்சி செய்கிறவன்தான் சின்னப் பையன். சின்னப் பையனாகத் தெரிய முயற்சி செய்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

இருவர் நடிக்கும் காட்சிக்கு வருவோம். இதில் எதிரே நிஜமாகவே ஆள் இருப்பதால் பாதி வேலை மிச்சம், மீதி பாதி சண்டை. காட்சி என்றால் இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றோடொன்று மோத வேண்டும். ஒரு சூழலைச் சொல்கிறேன், நீங்களே வசனம் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2020-இலிருந்து மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கடலூரில் ஒரே தெருவில் இரண்டு தோழிகள், எட்டாம் வகுப்பு வரை ஒரே அரசுப் பள்ளி, ஒரே பெஞ்ச். ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தியை அவள் அப்பா கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றினார், பிள்ளை நன்றாக வரவேண்டும் என்றுதான். நீட்டில் அவளுக்குத்தான் மார்க் அதிகம், சீட் கிடைத்தது அரசுப் பள்ளியிலேயே இருந்தவளுக்கு. ரிசல்ட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் சில்வர் பீச்சில் மணலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதில் யார் மேலும் தப்பு இல்லை, அதனால்தான் இது நல்ல காட்சி. அப்பா செய்ததும் தப்பில்லை, ஒதுக்கீடும் தப்பில்லை, சீட் வாங்கியவளும் யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை. இப்போது ஆளுக்கு ஒரு தேவை கொடுங்கள். சீட் கிடைத்தவள், 'நான் சந்தோஷமாத்தான் இருக்கேன்' என்று தோழி வாயால் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறாள், அது கிடைக்காமல் அவளால் நிம்மதியாகக் கிளம்ப முடியாது. கிடைக்காதவளுக்கு அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது, சுண்டல் வாங்கலாமா, தண்ணியில கால் நனைக்கலாமா என்று எதையாவது பேசி ஓட்டிவிட வேண்டும். வசனத்தில் 'பொறாமை' என்ற சொல் ஓரிடத்திலும் வராமல் எழுதிப் பாருங்கள். "ஹாஸ்டலுக்கு வாளி எடுத்துட்டுப் போகணுமாடி?" என்று ஒரு வரி, அதைக் கிடைக்காதவள் கேட்டால் என்ன ஆகிறது, கிடைத்தவள் சொன்னால் என்ன ஆகிறது என்று இரண்டு விதமாகவும் செய்து பாருங்கள். பிறகு பாத்திரங்களை மாற்றிக்கொண்டு மறுபடி செய்யுங்கள், எதிர்ப்பக்க நியாயம் உடம்பில் ஏறாமல் உங்கள் பக்கத்தை நடிக்க முடியாது.

தனிமொழியை எங்கிருந்து எடுப்பது என்றும் கேட்பார்கள். எல்லோருக்கும் தெரிந்த சினிமா வசனம் வேண்டாம், நீங்கள் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் பார்ப்பவர் மனதில் அந்த நடிகரின் குரல்தான் ஓடும். நாடகப் புத்தகங்களில் தேடலாம், சிறுகதைகளில் 'நான்' என்று தன்மையில் பேசும் மாணவர் பாத்திரம் கிடைத்தால் அந்தப் பகுதியைப் பேச்சுமொழிக்கு மாற்றிக்கொள்ளலாம், நீங்களே எழுதவும் செய்யலாம். எழுதுவதானால் மாணவர் போராட்ட மேடைப் பேச்சு, காதல் தோல்விப் புலம்பல், 'இந்தக் கல்வி முறையே சரியில்லை' என்ற சொற்பொழிவு இந்த மூன்றையும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். கேட்க ஆவேசமாக இருக்கும், ஆனால் அதில் எதிரே இருப்பவரிடமிருந்து எதுவும் வேண்டியிருக்காது, ஆரம்பித்த இடத்திலேயே முடியும். லைப்ரரி ஃபைனைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சுவது, வார்டனிடம் ஞாயிற்றுக்கிழமை அவுட் பாஸ் கேட்பது, அரியர் வைத்ததை அக்காவிடம் மட்டும் சொல்லி அம்மாவிடம் சொல்லாதே என்பது, இந்த மாதிரி சின்ன விஷயங்களில்தான் நடிக்க இடம் கிடைக்கும்.

ஒத்திகைக்கு பாண்டிச்சேரி பீச் ரோடு நல்ல இடம். மாலையிலிருந்து மறுநாள் காலை வரை வண்டி விடமாட்டார்கள், விடியற்காலையில் அலைச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகினால் குரல் வளரும், வாக்கிங் போகிறவர்கள் திரும்பிப் பார்த்துப் பார்த்துக் கூச்சமும் போய்விடும். ரெக்கார்டிங்கை மட்டும் அங்கே வைக்காதீர்கள், காற்று மைக்கில் அடித்து ஒரு வார்த்தை தேறாது. வீட்டில் ஒரு வெற்றுச் சுவர், முகத்துக்கு எதிரே ஜன்னல் வெளிச்சம், ஃபேனை நிறுத்திவிடுங்கள், குக்கர் விசில் அடங்கட்டும். கேட்டவர்கள் வேறு மாதிரி சொல்லாவிட்டால் ஃபோனைப் படுக்கவாட்டில் வைத்து, நெஞ்சுக்கு மேலே தெரிகிற மாதிரி எடுங்கள். சாரை லென்ஸுக்குள் வைக்காதீர்கள், லென்ஸுக்குப் பக்கத்தில், அவர் உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் கீழே, நின்றால் உங்கள் கண் மட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி அதைப் பார்த்துப் பேசுங்கள். பேசும் நேரம் முழுக்க அதையே முறைக்கவும் வேண்டாம், பொய் சொல்கிறவன் ஃபாரத்தையும் பார்ப்பான், மேஜையையும் பார்ப்பான். தொடக்கத்தில் பெயர், வயது, உயரம், ஊர் சொல்லிவிட்டு ஒரு மூச்சு விட்டு ஆரம்பியுங்கள். முடிந்ததும் இரண்டு நொடி அந்தப் பையனாகவே இருங்கள், அப்புறம் ஃபோனை நிறுத்தலாம். "ஓகேவாடா, நல்லா வந்துச்சா?" என்று நண்பரைக் கேட்கிற இடத்தை வெட்டிவிட்டு அனுப்புங்கள்.